ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி

வைத்தியத்தை விட்டு, மருத்துவமனைகளில் முதலீடு செய்து சம்பாதித்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் நெசவாளர்களுக்காகத் திருத்தணியில் இலவச ஆஸ்பத்திரி கட்டினேன். அவர்கள் வேலை கெடக்கூடாதென்று ஞாயிறு மட்டும் திறந்தோம். இரண்டு மாதமாக ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

கோபத்தோடு, நெசவாளர்கள் வாழும் பக்கத்து ஊரான பொதட்டூர்பேட்டைக்கே போனேன். ஒரு வீட்டில் இருமியபடியே நெய்துகொண்டிருந்த பெண்ணிடம், "இலவசந்தானே, ஏம்மா வரல?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம தறி ஓடிகினு இருக்குமேங்க. எங்களுக்கு அமாவாசதான் லீவு. கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார், தறியை நிறுத்தாமல்.

வைத்தியம் பார்த்த காலத்தில், என்ன செய்கிறது என்று கேட்காமல் நான் யாரையும் தொட்டதில்லை. கொடுக்கிறவன் ஆனதும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த அமாவாசையன்று திறந்தோம். வரிசை தெருவரை நின்றது. பழைய ஸ்டெதாஸ்கோப்போடு நானும் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் அந்தப் பெண்தான்.

"என்னம்மா செய்யுது?" என்றேன்.