லீவு டீச்சரின் நேர்காணல்

லீவு டீச்சர் என்பதுதான் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பெயர். எந்த டீச்சருக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், விடிந்ததும் விடியாததுமாக அவளுக்குத்தான் போன் வரும். அன்றும் வந்தது. அன்று அவளுக்கே அங்கே நேர்காணல். பல வருடங்களாக அவள் காத்துக் கிடந்த நிரந்தர வேலை.

"இன்னிக்காவது எடுக்காதே," என்றான் கணவன், அவளுடைய உடுப்புக்கு இஸ்திரி போட்டபடி.

எடுத்தாள். எடுக்காவிட்டால், 'அவங்க சரிப்பட மாட்டாங்க' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்களே!

"நம்ம ஏழாம் வகுப்பு கணக்கு டீச்சரும் இன்னிக்கு என்கூட இன்டர்வியூ எடுக்கிறாங்க. அவங்க கிளாஸைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்க முறை வந்ததும் ஆள் அனுப்பறேன்," என்றார் தலைமையாசிரியை.

அதாவது, தன்னைக் கேள்வி கேட்கப் போகிறவளின் வகுப்பைத் தானே மேய்க்க வேண்டும். என்ன கொழுப்பு! ஆனால் வாயில் வந்தது "சரிங்க மேடம்" தான். அதை நினைத்து வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. 'பாடத்தை எங்க விட்டீங்க?' என்று கேட்கிற பைத்தியக்காரத்தனத்தை அவள் என்றோ விட்டுவிட்டாள். கேட்டால், இன்றைக்கு விளையாட்டுதான் என்று மொத்த வகுப்பும் கூசாமல் சத்தியம் பண்ணும். ஜன்னலோரப் பெண்ணின் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகையில் ஒரு பின்னக் கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள். டீச்சரை மடக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"தப்பு டீச்சர்!" கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்துவிட்டது.

"அப்படியா? எங்க, வந்து போடு பாப்போம்."

சாக்பீஸ் கைக்குக் கை மாறியது. அதற்குப் பிறகு அதட்ட வேண்டிய வேலையே இல்லை.

பியூன் தலையை நீட்டினார். "டீச்சர், உங்களைக் கூப்பிடறாங்க."

"கிளாஸை யாரு பாத்துப்பாங்க?"

"யாரும் இல்லையே. பசங்களைத் தனியா விட்டுட்டு வரக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. நீங்க இப்ப வரலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்களாம்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு இதுவா மரியாதை?

"எல்லாரும் எழுந்திருங்க. வரிசையா என் பின்னாடி வாங்க."

தலைமையாசிரியையின் அறைக்குள் வகுப்பு முழுக்க நுழைந்து, சுவரோரமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா கூத்து இது?"

"விட்டுட்டும் வரக்கூடாது, வராமலும் இருக்கக்கூடாதுன்னா நான் என்னதான் பண்றது மேடம்? கூட்டிட்டு வந்துட்டேன்."

கணக்கு டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்து முதல் கேள்வியை வாசித்துவிட்டாள். "திடீர்னு ஒரு கிளாஸை உங்ககிட்ட குடுத்தா எப்படி சமாளிப்பீங்க?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். லீவு டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் சளசளப்பு ஏறியது. யாரோ எதையோ தள்ளிவிட்டார்கள்.

"அவங்களைக் கொஞ்சம் அடக்குங்கம்மா," என்றார் தலைமையாசிரியை, பழக்க தோஷத்தில் அவளைப் பார்த்து.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்காமல் கணக்கு டீச்சரைக் கை காட்டினாள்.

"அது அவங்க கிளாஸ் மேடம். நீங்க என்னைக் கேள்வி கேளுங்க."