அந்தோணி மேஸ்திரியின் காதும் ஸ்டெல்லா டீச்சரின் காரும்

அந்தோணி மேஸ்திரி போய்விட்டார் என்று நம் பழைய ஷெட் செல்வம் வந்து சொன்னபோது நான் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். “சரி” என்றேன். கையிலிருந்த நட்டை முழுதாக இறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். முப்பதாம் நாள் நினைவு மலருக்கு நானும் நாலு வரி எழுத வேண்டுமாம். பூசி மெழுக எனக்கு வராது என்று தெரிந்துதானே கேட்டீர்கள்?

அடக்கத்தன்று எல்லோரும் அவர் காதைப் புகழ்ந்தீர்கள். “வண்டி பேசும், நான் கேப்பேன்” என்பார். நாம் வேலை பார்த்த தொம்மலூர் ஷெட் வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்று கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு: ஷாக் அப்சார்பர். எந்தச் சத்தத்துக்கும் அதே தீர்ப்புதான். ஒன்பது வருடத்தில் அவர் முதுகு தரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ரப்பர் கிரீச்சிட்டால் கழிவு ஆயிலை ஊற்றச் சொல்வார். சத்தம் உடனே அடங்கும். ரப்பர் ஊறி அழுகும். அதற்குப் பெயர் கைராசி.

ஸ்டெல்லா டீச்சரின் கார் ஞாபகம் இருக்கிறதா? கடகடவென்று சத்தம். “ரெண்டு வீலும் சேந்து மேட்டுல ஏறினா சத்தம் இல்ல மேஸ்திரி. ஒரு பக்கம் மட்டும் பள்ளத்துல எறங்கினாதான் வருது” என்று டீச்சர் தெளிவாகச் சொன்னார். பாதி நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார். மேஸ்திரி கண்ணை மூடினார். அவர் சொன்னபடி நான்தான் புது ஷாக் அப்சார்பர்களை மாட்டினேன். மூன்றாம் நாள் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது.

“ஈஜிபுரா ரோடு அப்படித்தான் டீச்சர். ரோட்டையா மாத்த முடியும்?” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடியில் நுழைந்தேன். திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் கையில் ஆடியது. கம்பியைக் கவ்வியிருந்த ரப்பர் புஷ், ஆயிலில் ஊறிக் களிமண்ணாகியிருந்தது. “டீச்சர், நீங்களே கைய வெச்சுப் பாருங்க” என்றேன். அவர் புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் புஷ்ஷையும் லிங்க்கையும் மாற்றினேன். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்கினேன். சத்தம் நின்றது.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. ஷாக் அப்சார்பரை நான் சரியாக மாட்டாததால்தான் சத்தம் வந்தது என்று மேஸ்திரி முதலாளியிடம் சொல்லியிருந்தார். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். நீங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மேஸ்திரி தன் சொந்த வண்டியை என் ஷெட்டுக்கே கொண்டுவந்தார். “ஸ்வல்ப கீழ படுத்துப் பாருப்பா. காதுல ஒண்ணும் புரியல.” பார்த்தேன், மாற்றினேன். புறப்படும்போது ஜன்னலை இறக்கிச் சொன்னார்:

“அந்த டீச்சர் வண்டி... லிங்க்குதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அதுவரை அவரை விவரமில்லாதவர் என்று நினைத்து ஓரளவு மன்னித்திருந்தேன். அந்த மன்னிப்பையும் அன்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோபம் மட்டும்தான். அதை அவரோடு புதைக்க மாட்டேன். உடம்பு சோம்பி, நின்றபடியே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம், அந்தக் கோபம்தான் என்னை வண்டிக்கு அடியில் தள்ளுகிறது.