நான்காம் தொட்டியை மூக்கக்கா விழுங்கிப் பார்த்த கதை

மூக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஊரிலேயே பெரிய ஒயின் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். சேர்ந்த மூன்றாவது வாரம், தக்கையில் பூஞ்சை பிடித்த ஒரு புட்டியை, மேலதிகாரி "பிரமாதம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பிடித்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் 'மூக்கு'. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வயது ஏற ஏற மரியாதையும் ஏறி 'மூக்கக்கா' ஆகிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மூக்கைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

வேலை என்னவென்றால், வெள்ளை ஓடு பதித்த அறையில், நீள மேசைமேல் பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒன்றை எடுத்து முகர வேண்டும். ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டி, பக்கத்து வாளியில் துப்ப வேண்டும். உடனே தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் பன்னிரண்டையும் முடித்துவிடுவாள். "ஒயின் கம்பெனியில இருக்க, உனக்கென்ன, தினமும் கொண்டாட்டந்தான்" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொட்டுகூட அவள் தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

தொழிற்சாலை ஒயினில் எல்லாமே அளவுதான். நொதிக்க வைக்கிற ஈஸ்ட் பொட்டலத்தில் வரும். புளிப்பு குறைந்தால் புளிப்பைச் சேர்ப்பார்கள். கெட்டுப்போகாமலிருக்கக் கந்தகத் தூள் ஒரு சிட்டிகை. கடைசியில் சல்லடைமேல் சல்லடையாக வடிகட்டிப் பளபளவென்று புட்டியில் அடைப்பார்கள். போன வருஷத்துப் புட்டிக்கும் இந்த வருஷத்துப் புட்டிக்கும் இம்மி வித்தியாசம் தெரியக்கூடாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் மூக்கக்காவுக்குச் சம்பளம். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. சுத்தமான வேலை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாள்.

அவளுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவனாக இருந்தவன், நாற்பது வயதில் திடீரென்று வேலையை விட்டுவிட்டு, ஒரு சரிவான திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தான். மருந்து அடிக்க மாட்டானாம். பொட்டல ஈஸ்ட் போட மாட்டானாம். பழத்தோலில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுவே நொதிக்க வைக்குமாம். கந்தகமும் கிடையாது, வடிகட்டலும் கிடையாது. "இயற்கை ஒயின்" என்று அதற்குப் பெயர். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கலங்கலாக இருந்த தன் முதல் ஒயினை அவன் ஊற்றிக் கொடுத்தான். அவள் முகர்ந்துவிட்டு, விரல்விட்டு எண்ணி ஐந்து குறை சொன்னாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

ஆனால் அவள் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. அந்தக் கோப்பையில் மூன்று மணங்கள் என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை. தெரியாத மணம் ஒன்று தன் மூக்குக்கு முன்னால் வந்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனாள். நாலு மாதம் கழித்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். வீட்டில் யாருக்கும் காரணம் விளங்கவில்லை. தம்பிமேல் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

தம்பியோடு வேலை செய்யத் தோட்டத்துக்கு வந்த அன்றே சண்டை. ஒரு சிட்டிகைக் கந்தகமாவது போடு என்று இவள். லேபிளில் 'எதுவும் சேர்க்கவில்லை' என்று எழுதிவிட்டு எப்படிப் போடுவது என்று அவன். இரண்டு நாள் மல்லுக்கட்டிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதைத் தம்பிதான் சொன்னான்.

"உள்ள ஒண்ணும் போகாது. நீ தலையாட்டாம வெளிய ஒண்ணும் போகாது. சரியாக்கா?"

சரியென்றாள். அதன்படியே மூன்று வருஷம் ஓடியது. அவள் தலையை ஆட்டாததால் வினிகராகப் போன தொட்டிகள் இரண்டு. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான்.

புட்டிகள் எல்லாம் ஒரே கடைக்குத்தான் போயின. சந்துக்குள் ரயில் பெட்டி மாதிரி நீளமும் ஒடுக்கமுமான கடை. நடத்துகிறவளை எல்லோரும் கடைக்காரம்மா என்பார்கள். முன்பு செருப்புக் கடையாக இருந்ததால், ஒயின் புட்டிகள் செருப்பு அடுக்கிய சாய்வுப் பலகைகளில்தான் இன்றைக்கும் நிற்கின்றன. சனிக்கிழமை மதியம் நாலைந்து புட்டிகளைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுப்பாள்.

அந்தக் கூட்டத்தை முதல்முறை பார்த்தபோது மூக்கக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு புட்டி திறந்ததும் நுரைத்து மேற்கூரை வரை பீய்ச்சி அடித்தது. ஜனங்கள் கை தட்டினார்கள்! தொழிற்சாலையில் இப்படி நடந்திருந்தால் மூன்று நாள் விசாரணை வைத்திருப்பார்கள். ஆனால் போகப் போக அவளுக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. எந்தச் சரிவில் விளைந்தது, பழத்தை யார் மிதித்துச் சாறெடுத்தது, போன வருஷம் ஏன் வேறு மாதிரி இருந்தது என்று கேட்டார்கள். தான் குடிப்பதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மனுஷிக்கு ஆசை இருக்காதா? நண்பன் வந்தான் என்று ஒட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, இல்லாமலில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் வந்தது அந்த ஒரு வரிக்காகத்தான். எதுவும் சேர்க்கவில்லை. அந்த வரியை அவர்கள் நம்பினார்கள்.

நாலாவது வருஷம் வெயில் கொளுத்தியது. நான்காம் தொட்டிச் சிவப்பு ஒயினில் புளிப்பு வழக்கத்தைவிடக் குறைவு; புளிப்பு குறைந்தால் ஒயின் எளிதில் கெடும். மூக்கக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வாரம் இரண்டு முறை தன் வழக்கப்படி முகர்ந்து, உருட்டி, துப்பி, கொப்பளித்தாள். செர்ரிப் பழம், மிளகு, மழை பெய்த மண். ஒரு குறையும் தட்டுப்படவில்லை. தலையை ஆட்டினாள். புட்டியில் அடைத்தார்கள். அந்த வருஷத்தில் தேறியது அந்த ஒரு தொட்டிதான். அடுத்த வருஷக் குத்தகையே அதை நம்பி இருந்தது.

சனிக்கிழமை கடையில் திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. தாடிக்காரர் ஒருவர் எப்போதும் வருவார். ஒயினைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது, அல்லது கிடையாதென்று அவர் நினைப்பு. "இதுதான் உண்மையான ஒயின்" என்று அவர் தொண்டை கனைத்துவிட்டுச் சொன்னதும் தம்பிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கடைக்காரம்மா ஒரு முழுக் கோப்பையை மூக்கக்கா கையில் திணித்தாள். மூக்கக்கா வழக்கம்போல் வாளியைத் தேடினாள். கொல்லைப்புறக் குழாய் ஒழுகுகிறதென்று வாளி அங்கே போயிருந்தது. தண்ணீர்க் கூஜாவையும் காணோம். வாயில் ஒயின். சுற்றிலும் ஆட்கள். என்ன செய்வாள்? விழுங்கினாள்.

பக்கத்தில் ஒரு பல் டாக்டர் அம்மாள் நின்றிருந்தாள். சேர்ந்தாற்போல் நாலைந்து மாதமாக வருகிறவள். அவளிடம் மழை பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தபோது, மூக்கக்காவின் நாக்கின் அடியிலிருந்து அது கிளம்பியது. முதலில் ஊறிப்போன ரொட்டி மாதிரி. பிறகு பல நாள் சுத்தம் செய்யாத எலிக்கூண்டு மாதிரி. நேரம் ஆக ஆகக் கூடியதே தவிரக் குறையவில்லை.

எலி வாடை என்று ஒன்று உண்டு என்று அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள். கந்தகம் போட்ட தொழிற்சாலை ஒயினில் அது வந்ததே இல்லை. அதன் குணமே இதுதான்: கோப்பையில் முகர்ந்தால் துளியும் தெரியாது. எச்சிலோடு கலந்து, கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் வாய்க்குள்ளிருந்து எழும்பும். துப்பிவிட்டு அடுத்த நொடியே வாய் கொப்பளிக்கிறவளுக்கு அது எங்கே பிடிபடும்? ஊரில் எவள் மூக்கும் எட்டாத இடமெல்லாம் எட்டிய மூக்கு, ஒரு வருஷம் முழுக்க அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

பல் டாக்டர் முகத்தைச் சுளித்தபடி நின்றாள். தாடிக்காரர் அதைக் கவனித்துவிட்டு, இயற்கை என்றால் இப்படித்தான் இருக்கும், நாக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றார். பழக்கிக்கொள்ள வேண்டுமாம்! எலிக்கூண்டுக்கு! அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. மூன்று நாலு பேரில் ஒருவர் நாக்கில் அந்த வாடை ஏறவே ஏறாது. அவர் அந்த ரகம்.

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என் நாக்குதான் சரியில்ல போலிருக்கு. ரெண்டு புட்டி குடுங்க, வீட்டுல குடிச்சுப் பழகிக்கிறேன்."

மூக்கக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் சாய்வுப் பலகை ஓரமாக, பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் இயற்கை என்று சொல்லிவிடலாம், அவர்களே சொல்லிக்கொள்கிறார்களே. இந்த அம்மாள் வீட்டுக்குப் போய், நல்ல நாக்கைத் திட்டிக்கொண்டே இரண்டு புட்டியையும் குடித்து முடிப்பாள். அதை நினைத்ததும் மூக்கக்காவின் கை தானாக நீண்டு, கடைக்காரம்மா எடுத்துக் கொடுத்திருந்த புட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

"உங்க நாக்கு நல்லாத்தாங்க இருக்கு. என் வேலதான் சரியில்ல. இதுல எலி வாடை இருக்கு, நான் கவனிக்காம விட்டுட்டேன். யாரும் வாங்காதீங்க."

ஒருவர் தன் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கி எலியைத் தேடினார். கடைக்காரம்மா பலகையில் இருந்த புட்டிகளை இறக்கத் தொடங்கினாள். தாடிக்காரருக்கு மட்டும் கோபம் வந்தது, தனக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று.

வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். தோட்டத்துக் கொட்டகைக்கு வந்ததும் தம்பி ஒரு புட்டியைத் திறந்து குடித்தான். நின்றான். மறுபடி குடித்தான். தாடிக்காரர் ரகம்தான் அவனும், ஒன்றும் தெரியவில்லை. அவள் கொஞ்சம் ஒயினைத் தன் உள்ளங்கையில் தேய்த்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். தோல் பட்டால் அந்த வாடை எழும்பும். அவன் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேக்கா. நீதானே தலையாட்டின? இப்ப நீயே இல்லங்கற. நான் எத நம்பறது?"

பத்தொன்பது வருஷத்துக் கர்வம் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தன் சொல்லை நம்பி நின்றவன் இப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்பதுதான் வலித்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் வேறு ஊரிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். விஷயம் காதில் விழுந்ததாம். எலியானால் என்ன, புலியானால் என்ன, இயற்கை என்று எழுதியிருந்தால் எங்கள் ஆட்கள் வாங்குவார்கள், மொத்தமும் அனுப்புங்கள் என்றார். தம்பி போனை வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனான். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தவன் சாக்கட்டியை எடுத்து, பெட்டிகள்மேல் கொட்டை எழுத்தில் 'எலி' என்று எழுதி, பின்சுவரை ஒட்டி அடுக்கினான். பிறகு லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டு, வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைக்குமா என்று கேட்டான்.

"நீ தலையாட்டாம வெளிய போகாதுன்னு நான்தானே சொன்னேன்" என்று அவளைப் பார்க்காமலே சொன்னான்.

அந்த வாடை புட்டிக்குள்ளேயே மெல்ல அடங்குவதும் உண்டு; அடங்காமல் போவதும் உண்டு. அதனால் மாதம் ஒரு புட்டி திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட இரண்டு கூடைகள்மேல் எதிரெதிரே உட்காருவார்கள். வாளி கிடையாது, தண்ணீர் கிடையாது. மூக்கக்கா விழுங்குவாள். தம்பி ஒன்று இரண்டு என்று எண்ணுவான். தனக்குத் தெரியாத வாடையை அவள் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை அவனுக்கு. முதல் மாதம் பதினொன்றிலேயே அவள் முகம் சுருங்கியது. ஐந்தாம் மாதம் பதினாறு. ஒன்பதாம் மாதம் இருபத்திரண்டு. கடைப்பக்கம் போகும்போதெல்லாம் பல் டாக்டர், வீட்டு ஆளை விசாரிக்கிற மாதிரி, எலி போய்விட்டதா என்று கேட்பாள். இன்னும் இருக்கிறதென்று இவள் சொல்வாள். புது வருஷத்து வெள்ளை ஒயினை, மூக்கக்கா விழுங்கிப் பார்த்தாளா என்று கேட்டுவிட்டே ஜனங்கள் வாங்கினார்கள்.

பதினான்காம் மாதம். தம்பி லிஃப்ட் வேலைச் சட்டையோடு அப்படியே வந்து உட்கார்ந்தான். ஊற்றினான். அவள் விழுங்கினாள். அவன் எண்ணத் தொடங்கினான். இருபது தாண்டியது. இருபத்தைந்து தாண்டியது. அவள் முகத்தில் ஒன்றும் காணோம். முப்பது. நாற்பது. ஐம்பது. நிறுத்தப் பயந்தவன்போல் எண்ணிக்கொண்டே இருந்தான்.

அறுபத்தெட்டில் மூக்கக்கா காலிக் கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடா."