நான்காவது பாட்டில் விரல்

அந்த ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். புவனேஸுக்குச் சொற்கள் பாதிகூடப் பிடிபடவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் தானே எழுதி, தானே கித்தார் வாசித்துப் பாடியது. கேமரன் மலையில், பிரிஞ்சாங் சந்தையில் போனுக்கு உறை வாங்கிய கடையில் ஓடிக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டு வாங்கி வந்தாள். இரண்டு வருடமாகிறது.

அவள் கேட்டது விரலை. இடது கை இடம் மாறும்போதெல்லாம் தந்தியில் கீச்சென்று ஓர் உரசல். எட்டுப் பாட்டுகளில் அது இருந்தது. நான்காவதில் மட்டும் இல்லை.

தேயிலை வெட்டும் மெஷினுக்கு இரண்டு பிடி. செடி நிரையின் ஒரு பக்கம் புவனேஸ், மறு பக்கம் குமுதா. மழை மாதங்களில் விரல் வெடிக்கும். கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். டேப் சுற்றிய விரல் எதில் பட்டாலும் சத்தம் வராது.

"நாலாவது பாட்டுல அவருக்கும் விரல் வெடிச்சிருக்குக்கா. டேப் சுத்திக்கிட்டு வாசிச்சிருக்காரு."

மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்த குமுதா சிரித்தாள். "ஏன், அவரு கங்காணியும் லீவு குடுக்கலியா?"

அந்த ஆல்பத்துக்கு மலேசிய ரசிகர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். முதல் காதல், விவாகரத்து, அப்பாவின் பழைய கார் என்று நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். விரலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தனக்கு மட்டும்தான் கேட்கிறதா? ஒரு வாரம் மலாயில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். இங்கிலீஷ் தெரியாதவளுக்கு இந்தப் பாட்டில் என்ன வேலை என்று கேட்டுவிட்டால்?

"கேட்டா கேக்கட்டும். போடுலா" என்றாள் குமுதா.

போட்டாள். தேயிலை வெட்டுகிறவள் என்பதையும் டேப்பையும் சேர்த்தே எழுதினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தபோது பதினோரு பதில்கள். மூன்று பேர் திரும்பப் போய்க் கேட்டிருந்தார்கள். ஈப்போவில் கித்தார் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: 'உங்கள் காது சரி. காரணம்தான் தவறு. அந்தப் பாட்டுக்கு நைலான் தந்தி. அது அவ்வளவாகக் கீச்சிடாது.'

"பாத்தியா, டேப்பும் இல்ல கீப்பும் இல்ல."

"காது சரியாம்லக்கா."

சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்: 'இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஏன் தந்தியை மாற்றினார்?'

உடனே பதில் வந்தது. 'தெரியவில்லை. முப்பது வருடமாகக் கேட்கிறேன், யோசித்ததில்லை.'

புவனேஸ் அதை வாய்விட்டுப் படித்தாள். குமுதா அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க, அந்த நாலாவதப் போடு. இல்லாத சத்தத்த எப்படித்தான் கேக்குறேன்னு பாப்போம்."