எண்பத்து மூன்றாம் எண் வீடு

1962இல், சுண்ணாம்புக் கட்டியும் நோட்டுமாகத் தென்னூர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு எண் எழுதிக்கொண்டு போன ஆரிஃபாவை, ஜனங்கள் முதலில் மலேரியா ஆபீஸ்காரி என்றுதான் நினைத்தார்கள். மருந்தடிக்க வருகிறாள் என்று சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவர்களும் உண்டு. அவள் எண்ண வந்தது கொசுவை அல்ல. வீட்டுக்குள் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இதே கணக்கை முந்தின வருஷம் ஒருவர் எடுத்துப் போயிருந்தார். பாவம், நல்ல மனுஷன்தான். ஆனால் திரை தொங்குகிற வீட்டுக்குள் அந்நிய ஆண் எப்படிப் போவது? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற ஆண்களைக் கேட்டார். "எங்க வீட்டுப் பொம்பளைங்களா? கூலி வேலைக்கா? என்ன பேச்சுங்க இது!" என்று அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். வேலை செய்யும் பெண்கள்: இல்லை. நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் இல்லை! தெருவெல்லாம் பீடித்தூள் வாசம், தும்மாமல் நடக்க முடியாது. அது யார் வீட்டு வாசம் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

அதனால்தான் இந்தத் தடவை ஒரு பெண்ணைத் தேடினார்கள். ஆரிஃபா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து அம்மா வீட்டுக்குத் திரும்பியவள். நான்கு மாத வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரமாகலாம் என்றார் லால்குடிக்காரரான சூப்பர்வைசர் பெரியண்ணன்.

எல்லா வீட்டையும் ஏறி இறங்க நேரமில்லை. எட்டு வீட்டுக்கு ஒரு வீடு போதும். ஆனால் எந்த வீடு என்பதை அவள் முடிவு செய்யக் கூடாது. ஒன்று முதல் எட்டு வரை சீட்டு எழுதிக் குலுக்கினார் பெரியண்ணன். மூன்று வந்தது.

"மூணு, பதினொண்ணு, பத்தொம்பது... இப்படியே எட்டெட்டாத் தாண்டிப் போங்கம்மா. மொத்தம் பதினாலு வீடு. பூட்டியிருந்தா இன்னொரு நாள் போங்க. திட்டுனா சிரிச்சுக்கிட்டே நில்லுங்க. சீட்டுல விழுந்த வீட்டை மட்டும் மாத்தாதீங்க. வசதிக்கு வீட்டைப் பொறுக்குனா, வசதியான பதில்தான் வரும். வேலை செய்யறவங்க வாயாலயே கேட்டு எழுதணும். யார் என்ன சொன்னாங்கன்னு வெளியில மூச்சு விடக் கூடாது."

சரியென்று கையெழுத்துப் போட்டாள். வழியில் எட்டெட்டாக எண்ணிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. எண்பத்து மூன்று அவள் வீடு.

அந்த வீட்டின் பின்கட்டில் அவள் அம்மா சாரா பீவி பத்தொன்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். அத்தா மௌத்தாகி, சம்பாதிக்க ஆளில்லாமல் போன பிறகு மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள். அண்ணன் குத்புதீன் பூட்டுக் கடை வைத்து ஆளான பிறகும் அவள் நிறுத்தவில்லை. வெளியே தெரியக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். இப்போதோ தங்கை சுராயாவுக்கு இரண்டு தெரு தள்ளிச் சம்பந்தம் பேசியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தா நசுருதீன், "கூலிக்குக் கை நீட்டாத வீடாப் பாக்குறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அந்த நசுருதீன் வீடு இருபத்தேழு. அதுவும் சீட்டில் விழுந்த வீடுதான்.

அங்கே போனபோது அவர் மனைவி வஹீதா முறத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினாள். பிறகு பெருமூச்சு விட்டு முந்தானையை எடுத்தாள். முறம் நிறையப் பீடி.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அவரு மானஸ்தர்."

ஆரிஃபாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

தன் வீட்டைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். அந்த நாளும் வந்தது. குத்புதீன் கடைக்குப் போகாமல் வழிமறித்து நின்றான்.

"எண்பத்தி மூணை விட்டுட்டு எண்பத்தி நாலைப் பிடி. ஒரு வீடுதானே, என்ன குடியா முழுகிடும்?"

"அங்க ரிட்டையர்டு ஏட்டு ஒத்தையா இருக்காரு. அவரா பீடி சுத்துறாரு?"

"அப்ப நம்ம வீட்டுல இல்லைன்னு எழுது."

"அண்ணே, இந்த ஒரு வீடு எட்டு வீட்டுக்காகப் பேசுது. இங்க இல்லைன்னா எட்டு வீட்டுலயும் இல்லைன்னு ஆயிடும்."

"சுராயா கல்யாணம் நின்னுபோனா உன் கணக்கு வந்து நடத்தி வைக்குமா?"

'அவங்க வீட்டிலயும்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் அடங்கிவிடுவான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினாள். பேரைத்தான் சொல்லக் கூடாது; எண்ணிக்கைக்காகத்தானே இத்தனை பாடும்!

"பதிமூணு வீடு முடிச்சிட்டேன்ணே. ஒன்பது வீட்டுல பொம்பளைங்க பீடி சுத்துறாங்க."

"ஒன்பதா? யா அல்லா!" குரலைத் தாழ்த்தி, "நசுருதீன் பாய் வீடு?" என்றான்.

"எந்த வீடுன்னும் சொல்ல மாட்டேன்."

அவள் முகத்தையே பார்த்தான். அதிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. ஆனாலும் பதின்மூன்றில் ஒன்பது என்றால் யார் யாரை ஒதுக்கிவைப்பது? கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, "எதையோ எழுதித் தொலை" என்று இறங்கிப் போனான்.

சுராயாவின் நிக்காஹ் ரஜபு மாதம் அதே மாப்பிள்ளையோடு நன்றாகவே நடந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மனசு அங்கேயே நிற்கும். இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறதே.

பின்கட்டுக்குப் போய் அம்மாவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். அந்நியரைக் கேட்பது போலத்தான் கேட்க வேண்டும்.

"வயசு?"

"அம்பது இருக்கும்."

"கூலிக்குச் செய்யற வேலை?"

"பீடி சுத்துறேன். பத்தொம்பது வருஷம். ஒரு நாளைக்கு எண்ணூறு. கை ஓடுனா ஆயிரம்." சாரா பீவி கொஞ்சமும் தயங்கவில்லை. "இதெல்லாம் எங்கே போகும்?"

"மெட்ராசுக்கு. பயப்படாதீங்கம்மா, உங்க பேரு போகாது. பேரு இருக்கிற பக்கத்தை இங்கேயே கிழிச்சிடுவாங்க. எண்ணிக்கை மட்டும்தான் போகும்."

சாரா பீவியின் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"கிழிச்சிடுவாங்களா? இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர் வந்து கேக்குறாங்க. பேரை ஏன் கிழிக்கணும்?"

ஒன்பது பெண்கள் மறைக்கச் சொல்லிக் கெஞ்சியதைத்தான் இந்த ஒருத்தி கேட்கிறாள். கிழிபடப் போகிற அந்த முதல் பக்கத்தை ஆரிஃபா திருப்பினாள். மற்ற வீடுகளில் அவசரமாகக் கிறுக்கிய இடத்தில், நிறுத்தி நிதானமாக, பெரிய எழுத்தில் 'சாரா பீவி' என்று எழுதித் தாளை அம்மா பக்கம் நீட்டினாள்.

அம்மாவுக்கு அரபி ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஈர மையைத் தொடாமல், எழுத்துகளுக்குக் கீழே மெல்ல ஓட்டினாள்.

"இதுவா என் பேரு?" என்றாள்.