பறந்த லாவலாவா

மாசினா தேங்காய் எறிகிறவள். சவாயித் தீவின் தென்கரையில், கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே கடல் பீய்ச்சியடிக்கும் துவாரம் ஒன்று உண்டு. அடியில் அலை புகும் நேரம் பார்த்துத் தேங்காயைப் போட்டால், தென்னைக்கும் மேலே எகிறும்; வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் காசு கொடுப்பார்கள். அந்த நேரத்தை மாசினா உள்ளங்காலால் அறிவாள். பத்தொன்பது வயதில், அதுவரை எறிந்துவந்த அண்ணன் காலை ஒடித்துக்கொண்டபோது அவனுக்குப் பதிலாகப் போய் நின்றாள். கால் கூடி அவன் திரும்பி வந்ததும், "நீ போய் மீன் புடிண்ணே" என்று அனுப்பிவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தால் மட்டும் அவளுக்கு நிற்க முடியாது, உட்கார்ந்துவிடுவாள்.

அவளுடைய இருபத்துமூன்றாவது வயதில் நாங்கள் அங்கே போய் இறங்கினோம். நாங்கள் என்றால் பக்கத்துத் தீவின் ஆப்பியா நகரத்திலிருந்து கப்பலேறி வந்த கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழு, நாற்பது பேர். எங்களை நடத்தியவர் அபெராமோ. முப்பது வயதுக்காரருக்கு அறுபது வயது முகம். அவர் கை உயர்ந்தால் நாற்பது வாயும் திறக்கும், இறங்கினால் மூடும். யோசனையே கிடையாது.

"பாட்டு வாத்தியாரே, பின்னாடி வாங்க. நனைஞ்சிடுவீங்க," என்றாள் மாசினா.

"அலைக்கும் தாளந்தானேம்மா? தேங்காயைக் குடு."

"அலை உங்ககிட்ட பாட்டு கத்துக்கலையே!"

அவர் மூன்று எண்ணிப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தார். அப்போது வந்தது பாருங்கள் தண்ணீர்! ஆளே மறைந்துபோனார். தண்ணீர் வடிந்தபோது இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை லாவலாவா அவிழ்ந்து துவாரத்துக்குள் போயிருந்தது. உள்ளே மஞ்சள் வாத்துகள் போட்ட அரைக்கால் சட்டை. அடுத்த அலையில் துணி விரிந்து ஆகாயத்துக்குப் பறந்தது. பதறிப்போய் அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

நாற்பது பேரும் விண்ணேற்றப் பாட்டைத் தொடங்கிவிட்டோம்.

வாத்துகளை மறைக்கக் கையை இறக்கினார், நிறுத்தினோம். "அதோ, அதோ!" என்று துணியைக் காட்டக் கையைத் தூக்கினார், இரண்டாம் சரணத்தை எடுத்தோம்.

மாசினா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வழிய, அப்படியே எழுந்து தள்ளாடி ஓடி, துணி கடலில் விழுமுன் பிடித்தாள்.

"கட்டிக்கத் தெரியுமா, நான் முடிச்சுப் போட்டு விடவா?"

"முடிச்சுன்னா முறையாப் போடணும்," என்றார் அபெராமோ. சொன்னதன் பொருள் தமக்கே அப்புறந்தான் உறைத்ததுபோல் காது சிவந்தது. பிறகு சிரித்தார். அவருடைய பற்களை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை, பாட்டுப் புத்தகத்தை அந்தத் தீவிலேயே மறந்துவிட்டேன் என்று மறுபடி கப்பலேறினார். அதற்கடுத்த வாரம் குடை. மூன்றாம் வாரம் அவள் அண்ணன் கரையிலேயே மறித்தான்.

"இன்னைக்கு எதை மறந்தீங்க வாத்தியாரே?"

"எல்லாத்தையும் மறந்துட்டேன்ப்பா. உன் தங்கச்சியைத்தான் மறக்க முடியல."

கல்யாணத்தன்று கோயில் முழுக்கப் பாயும் பூவுமாக இருந்தது. சம்மதமா என்று போதகர் கேட்டார். மாசினா மணமகனைப் பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டாள். மறுபடி கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

"ஏம்மா, சம்மதம்னு சொல்லித் தொலையேன். வெளிய விருந்துக்குச் சுட்ட பன்னி ஆறிப்போவுது!" என்றார் போதகர்.

"சம்மதம், சம்மதம்!" என்றாள், தரையிலிருந்தே.

அபெராமோ அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். இப்போது ஆறு பிள்ளைகள். ஒன்றுக்கும் சுருதி சேராது. ஆறையும் முன்வரிசையில் நிறுத்தித்தான் பாட வைக்கிறார்.