ஒரு ஜீரோ சொன்ன பொய்

போன வாரம் சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில், தப்பே செய்யாத ஒரு பெண்மணி 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். எழுத வைத்தவர் முதலாளி. அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டவன்... நான்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பிழைப்பு என்னவென்று வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். கொரட்டூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சின்னக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். மெஷின் பாகங்கள் செய்யும் அந்தப் பாடி தொழிற்சாலைக்கு ஒரு போர்டு செய்து கொடுத்திருந்தேன். கஸ்டமர் அனுப்பும் மெயில்களை எடுத்து, மெஷின்களுக்குப் பக்கத்தில் மாட்டிய டிவியில் காட்டும். 'புது மெயில்: 4' என்று வரும். அதைப் பார்த்து, பதினோரு வருஷமாக அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் தேவகி அக்கா வேலையைப் பிரித்துக் கொடுப்பார்.

மெயில் பெட்டிக்குள் நுழையும் வேலையை நாங்கள் முதலிலிருந்து எழுத மாட்டோம். யாரோ எழுதி வைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். லைப்ரரி என்று பெயர். எனக்கு முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று, மெயில் கம்பெனியே தருவது. பதிவு செய், அனுமதி வாங்கு, நாற்பது வரி எழுது என்று உயிரை வாங்கும். இன்னொன்று யாரோ இலவசமாகப் போட்டது. 'மூன்றே வரி... முடிந்தது வேலை!' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஸ்டார் வேறு கொடுத்திருந்தார்கள்.

நான் எதை எடுத்திருப்பேன்? பிரியாணிக் கடைக்கே ஸ்டார் பார்த்துப் போகிற ஆள் நான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வெறும் பாஸ்வேர்டை வைத்து உள்ளே நுழையும் பழைய வழியை மெயில் கம்பெனி மூடிவிட்டது. என் மூன்று வரி வெளியே நின்றுவிட்டது. நின்றதையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. 'புது மெயில்: 0' என்று காட்டியது.

பூஜை நடந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். டிவிக்கும் ஒரு பொட்டு. பொட்டுக்குக் கீழே ஜீரோ. இரண்டு நாள் லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் தேவகி அக்கா போன் செய்தார்.

"இன்னா சார், மூணு நாளா முட்டையாவே கீது? ஒரு மெயில் கூடவா வராது?"

"பூஜை லீவுக்கா. எவன் மெயில் அனுப்பப் போறான்? நிம்மதியா வேலையைப் பாருங்க."

அவரும் பார்த்தார். மெஷின்கள் ஓடின. மறுநாள் கஸ்டமர் போனில் கத்தினார் — டிராயிங்கை மாற்றி, பழையதில் ஓட்டாதீர்கள் என்று பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலமே மெயில் போட்டிருந்தாராம். இரண்டு ஷிஃப்டில் செய்த அத்தனை பீஸிலும் துளையின் அளவு தப்பு. எல்லாம் குப்பை.

மெயிலைக் கவனிக்காமல் விட்டதாகத் தேவகி அக்காவிடம் கடிதம் வாங்கியாகிவிட்டது. அடுத்து என்ன என்பது அந்த ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். வேலை போகும்.

விஷயம் தெரிந்ததும் அந்த லைப்ரரியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார்: 'உள்ளே போக முடியாவிட்டாலும் ஜீரோ என்றே வருகிறது, சரி செய்யுங்கள்.' பதில் என்ன தெரியுமா? 'வேண்டுமென்றுதான் அப்படி வைத்திருக்கிறோம். பிழை காட்டினால் உங்கள் புரோகிராம் நின்றுவிடும்.' அதற்கு நூறு பேர் 'லைக்' கட்டைவிரல் வேறு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கட்டுமே ஐயா! நின்றிருந்தால் யாராவது ஓடிவந்து பார்த்திருப்பார்களே! கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்வதும், உள்ளே யாரும் இல்லை என்று சொல்வதும் ஒன்றா?

அந்தக் கோபத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாடி மேம்பாலத்துக்கு அடியில் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் உறைத்தது. அந்த லைப்ரரியாவது கூலி வாங்காமல் பொய் சொன்னது. ஒருத்தர் சந்தேகப்பட்டுக் கேட்டும், திறந்து பார்க்காமல் பதில் சொன்னவன் யார்?

முதலாளி மேஜையில் அந்தக் கடிதம் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல ஆயிரம் தப்பு வரும் சார். ஆள் பாக்க வேணாமா?" என்றார்.

"பாத்தாங்க சார். மெஷின் ஓட்டுறதுக்கு முன்னாடியே எனக்கு போன் பண்ணாங்க. நான்தான் ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்." என் போனில் இருந்த அழைப்பைக் காட்டினேன். நேரத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். இத்தனை வருஷத் தொழிலில் முதல் முறை. 'என் கவனக்குறைவால் நேர்ந்தது.' அதே வாசகம்தான். கையெழுத்து மட்டும் வேறு. அவர் என் தாளை ஃபைலில் வைத்துவிட்டு, தேவகி அக்காவுடையதை நாலாகக் கிழித்தார்.

அன்றே அந்த நாற்பது வரி லைப்ரரியைப் போட்டேன். முதல் ஓட்டத்திலேயே டிவி முழுக்கச் சிவப்பு எழுத்து: அனுமதி இல்லை.

"இன்னா சார், வந்ததும் வராததுமா திட்டுது?" என்றார் தேவகி அக்கா.

"திட்டட்டும்கா. இனிமே அப்படித்தான்."

அனுமதி வாங்கி, இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் போர்டில் ஜீரோ வந்தால் அக்கா போன் செய்கிறார்.

"சார், முட்டை. நெஜ முட்டைதானா?"

"இருங்கக்கா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.